வெளிச்சத்தை மறக்கக் கற்ற டிரான்சிஸ்டர்

1950-களில் பிரிட்டனில் வானொலிப் பெட்டி செய்து பழகியவர்கள் ஓசி71 என்ற பெயரை மறந்திருக்க மாட்டார்கள். மல்லார்ட் நிறுவனம் விற்ற ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் அது. சின்னக் கண்ணாடிக் குப்பி, அதன் வெளிப்புறம் முழுக்கக் கறுப்புப் பெயின்ட். அந்தப் பெயின்டைக் கத்தியால் சுரண்டி எடுத்தால் உள்ளேயிருக்கும் ஜெர்மானியத்தின் மேல் வெளிச்சம் படும். மின்சாரம் கூடும், குறையும். டிரான்சிஸ்டர் ஒளியை உணரும் கருவியாகிவிடும். இதே வேலைக்கென்று மல்லார்ட் ஓசிபி71 என்ற இன்னொரு பொருளைக் கூடுதல் விலைக்கு விற்றுவந்தது. கையில் காசில்லாத இளைஞர்கள் மலிவானதை வாங்கிச் சுரண்டிக்கொண்டார்கள்.

டிரான்சிஸ்டர் பிறந்தபோதே அதற்குக் கண்ணும் இருந்தது என்பதற்கு அந்தப் பெயின்ட் சாட்சி. குறைக்கடத்திகள் எல்லாவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. 1873-இல் வில்லோபி ஸ்மித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிக்க செலினியம் தண்டுகளைப் பயன்படுத்தினார். அவற்றின் மின்தடை நிலையாக நிற்காமல் தடுமாறியது. வெளிச்சம் பட்டால் தடை குறைந்தது, மூடி வைத்தால் ஏறியது. ஒளியால் மின்கடத்தல் மாறும் என்று உலகம் அறிந்தது ஒரு சோதனைக் கருவியின் கோளாறு வழியாகத்தான்.

சிலிக்கான் சிப்புகளில் நாம் இதைக் கவனிப்பதில்லை. கறுப்புப் பிசினுக்குள் வைத்து மூடியே கடைக்கு வருகின்றன. மூடாமல் விட்டால் என்ன ஆகும் என்று 2015-இல் ஒருமுறை தெரிந்தது. புதிதாக வெளிவந்த ராஸ்பெர்ரி பை 2 என்ற சிறு கணினியை செனான் பிளாஷ் கொண்ட கேமராவால் படமெடுத்தால் அது அந்தக் கணமே அணைந்துபோனது. அதன் மின்வழங்கலைக் கவனித்த ஒரு சிப்பில் பிசின் உறை கிடையாது. சிலிக்கான் வெறுமனே பலகையில் ஒட்டப்பட்டிருந்தது. அதன்மேல் கொஞ்சம் ஒட்டும் களியை அப்பி மூடியதும் சிக்கல் தீர்ந்தது.

சிலிக்கானுக்கு மூடி போதும். கரிம மூலக்கூறுகளால் ஆன டிரான்சிஸ்டருக்கு அந்தத் தீர்வு ஏன் போதவில்லை, வேறு எந்த வழிகளில் அது வெளிச்சத்தைத் தாங்கப் பழகியது என்பதே இந்தக் கதை. இதற்கு ஒற்றைக் கண்டுபிடிப்பாளர் இல்லை. தாங்கள் ஒளிப் பிரச்சினையைத் தீர்க்கிறோம் என்று தெரியாமலேயே அதைத் தீர்த்தவர்களும் இதில் இருக்கிறார்கள்.

கரிமப் பொருள்களின் ஒளியுணர்வைத் துறை முதலில் குறையாகப் பார்க்கவில்லை, வரமாகத்தான் கொண்டாடியது. ஆந்த்ரசீன் படிகத்தின் மேல் வெளிச்சம் பட்டால் அது மின்சாரம் கடத்தும் என்று இத்தாலியரான போக்கெட்டினோ 1906-லேயே பதிவு செய்தார். 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் செஸ்டர் கார்ல்சன் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டில் முதல் உலர் நகலை எடுத்தார். நகலெடுக்கும் இயந்திரத்தின் அடிப்படையே, இருட்டில் மின்சாரத்தைத் தடுத்து வெளிச்சத்தில் விட்டுவிடும் ஒரு பொருள். 1970-இல் ஐபிஎம் தன் நகலியில் கந்தகத்தையும் செலினியத்தையும் விட்டுவிட்டு ஒரு கரிம பாலிமரைப் பயன்படுத்தியது. இன்று லேசர் பிரின்டரின் உருளைகள் பெரும்பாலும் கரிமப் பூச்சு கொண்டவை. வங்கியிலும் பள்ளியிலும் அந்த இயந்திரங்களில் நாம் அச்செடுக்கும் தாள்களில் பெரும்பாலானவை கரிமப் பொருளின் ஒளியுணர்வால் கிடைத்தவை.

மின்சாரத்தைக் கடத்தும் கரிமப் பொருள் என்ற எண்ணத்துக்கு ஜப்பானில் நீண்ட வரலாறு உண்டு. அகமத்து, இனோகுச்சி, மட்சுனாகா மூவரும் 1954-இல் பெரிலீனோடு புரோமினைச் சேர்த்து நன்றாகக் கடத்தும் பொருள் ஒன்றைச் செய்தார்கள். 1977-இல் ஷிராகாவா, மக்டையர்மிட், ஹீகர் ஆகியோர் பாலிஅசெட்டிலீன் பிளாஸ்டிக்கில் அயோடினை ஏற்றி அதை உலோகம்போல் நடந்துகொள்ள வைத்தார்கள். 2000-இல் நோபல் பரிசு அதற்குத்தான். டிரான்சிஸ்டர் என்று சொல்லத்தக்க வடிவில் கரிமப் பொருளைக் கொண்டுவந்தது மிட்சுபிஷி எலெக்ட்ரிக்கின் சுமுரா குழு, 1986-இல், பாலிதையோபீன் படலத்தில். மின்னேற்றம் ஒரு பொருளுக்குள் எவ்வளவு சுலபமாக ஓடுகிறது என்பதற்கு நகர்திறன் என்ற அளவு இருக்கிறது. சிலிக்கான் படிகத்தில் எலெக்ட்ரானுக்கு அது 1,000-க்கு மேல். சுமுராவின் படலத்தில் ஒன்றில் லட்சத்தில் ஒரு பங்கு.

அவ்வளவு மந்தமான ஒரு பொருளோடு பத்து வருடங்களுக்கு மேல் போராடியவர்களின் பிடிவாதம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 1990-களின் இறுதியில், ஐந்து பென்சீன் வளையங்கள் வரிசையாக ஒட்டிய பென்டசீன் என்ற மூலக்கூறு அந்த எண்ணை ஒன்றுக்கு மேல் கொண்டுபோனது. எல்.சி.டி. திரைகளில் வேலை செய்யும் அமார்ஃபஸ் சிலிக்கானுக்கு அது சமம். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜாக்சன் குழுவுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அதன்பின் வேகம் பிடித்தது. நெதர்லாந்தில் பிலிப்ஸும், கேம்பிரிட்ஜில் 2000-இல் தொடங்கிய பிளாஸ்டிக் லாஜிக்கும் சுருட்டக்கூடிய திரைகளைச் செய்ய முனைந்தன.

ஒளிப் பிரச்சினை தெருவுக்கு வந்தது இந்தக் கட்டத்தில்தான். அதுவரை டிரான்சிஸ்டர் ஆய்வகத்தின் இருட்டுப் பெட்டிக்குள் ஊசி முனைகளின் கீழ் அளக்கப்பட்டது. அங்கே நல்ல பிள்ளையாக இருந்தது, சன்னலோரம் வைத்ததும் மாறியது. அணைத்து வைத்திருக்கும்போதும் மின்சாரம் கசிந்தது. எந்த மின்னழுத்தத்தில் அது திறக்க வேண்டுமோ அந்த அளவு தள்ளிப்போனது. மின்தாள் திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் ஒரு டிரான்சிஸ்டர் காவல் நிற்கிறது. புள்ளிக்குக் கொடுத்த மின்னழுத்தத்தை அடுத்த சுற்று வரை அது காப்பாற்ற வேண்டும். கசிந்தால் சாம்பல் நிறத்தின் அளவு தவறும், எழுத்து மங்கும். வெயிலில் படிக்க வசதி என்று சொல்லி விற்கும் திரைக்கு வெயிலே பகையாவதைவிடப் பெரிய சங்கடம் இல்லை.

மூடிவிடலாமே என்றால், மூடினார்கள். அமார்ஃபஸ் சிலிக்கானிலேயே அந்தப் பாடம் கிடைத்திருந்தது. 1979-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் ஸ்பியரும் லிகாம்பரும் காட்டிய அந்த டிரான்சிஸ்டர் வெளிச்சத்துக்கு மிகவும் கூச்சப்படும். ஆனால் திரைக்குப் பின்னாலேயே விளக்கு எரிகிறது. அதனால் டிரான்சிஸ்டரைத் திறந்து மூடும் கேட் என்ற உலோக மின்வாயை அடியில் அகலமாகப் போட்டார்கள். பின்விளக்கின் ஒளி அதிலேயே தடுக்கப்பட்டது. மேல்பக்கம் புள்ளிகளுக்கிடையே கறுப்புச் சட்டம் ஓடியது. கரிம டிரான்சிஸ்டருக்கும் இந்த உத்தி உதவுகிறது, ஆனால் அரைகுறையாக. மேலே பூசும் கறுப்பு மையின் கரைப்பான் கீழே இருக்கும் கரிமப் படலத்தையும் கரைத்துவிடலாம். உலோகத்தை மேலே படிய வைத்தால் அது தேவையில்லாத இரண்டாவது கேட்டாக மாறி மின்சாரத்தில் தலையிடுகிறது. ஒளி ஊடுருவும் மெல்லிய பிளாஸ்டிக்கில், தோலின்மேல் ஒட்டும் அளவுக்கு லேசாகச் சுற்று செய்ய வேண்டும் என்பதற்காகத்தானே இந்த மூலக்கூறுகளைத் தேடிப் போனார்கள்? அதன்மேல் அடுக்கடுக்காக மூடி போடுவது அந்த நோக்கத்தையே கெடுக்கும்.

ஆகவே வெளிச்சம் உள்ளே போனால் என்னதான் செய்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த பகுதி இதுதான்.

ஒளித்துகள் ஒன்று கரிம மூலக்கூறில் விழுங்கப்பட்டால், ஒரு எலெக்ட்ரான் மேல் நிலைக்குத் தாவுகிறது. அது விட்டுப்போன காலியிடத்தைத் துளை என்பார்கள். துளையும் நேர் மின்னேற்றம்போல நகரும். சிலிக்கானில் இந்த ஜோடி உடனே பிரிந்து ஆளுக்கொரு பக்கம் ஓடிவிடும். கரிமப் பொருளில் மின்விசைகளைத் தணிக்கும் ஆற்றல் குறைவு. சிலிக்கானின் மின்காப்பு மாறிலி 12-ஐ ஒட்டியது, இங்கே 3-ஐ ஒட்டியதுதான். அதனால் ஜோடி ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டு எக்ஸிட்டான் என்ற பெயரில் ஒன்றாக அலைகிறது. பெரும்பாலும் அப்படியே மீண்டும் சேர்ந்து அழிந்தும் போகிறது. படலத்தின் விளிம்பிலோ, அசுத்தம் இருக்கும் இடத்திலோ, மின்புலம் பலமாக இழுக்கும் இடத்திலோ போய் முட்டினால்தான் பிரிகிறது.

பிரிந்தபின் நடப்பதுதான் வினை. இந்த டிரான்சிஸ்டர்களில் பெரும்பாலானவை துளைகளால் வேலை செய்பவை. துளை விறுவிறுவென்று ஓடி மின்வாயில் சேர்ந்துவிடுகிறது. எலெக்ட்ரானால் அப்படி ஓட முடிவதில்லை. கேட்டுக்கும் கரிமப் படலத்துக்கும் நடுவே இருக்கும் காப்புப் படலத்தின் மேற்பரப்பில் அது மாட்டிக்கொள்கிறது. அங்கே உட்கார்ந்த எதிர் மின்னேற்றம் இன்னும் துளைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். கேட்டில் யாரும் மின்னழுத்தம் கொடுக்காதபோதும், கொடுத்ததுபோன்ற விளைவு. தண்ணீர்க் குழாயைத் திருகி மூடிவிட்டோம், ஆனால் வாஷருக்கடியில் ஒரு மணல்துகள் சிக்கிக்கொண்டது என்றால் சொட்டிக்கொண்டேதான் இருக்கும். இங்கே அந்தத் துகளை உள்ளே கொண்டுபோனது வெளிச்சம். விளக்கை அணைத்தாலும் அது வெளியே வராது. இருட்டில் மணிக்கணக்காகவும் அந்தக் கசிவு நீடிக்கலாம்.

பெங்களூரில் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தின் கே. எஸ். நாராயண் குழு, பாலிமர் டிரான்சிஸ்டரின் இந்தக் குணத்தை 2001-இல் விரிவாக எழுதியது. 2004-இல் அதே குழு அடுத்த அடி வைத்தது. ஒளியால் பிறந்த மின்னேற்றம் நீண்ட நேரம் தங்குவதையும், கேட் மின்னழுத்தத்தால் அதைக் கட்டுப்படுத்த முடியும் என்பதையும் காட்டி, ஒளியால் எழுதி மின்சாரத்தால் அழிக்கும் நினைவகத்துக்கு இது உதவும் என்றது. மற்றவர்கள் ஒழிக்க நினைத்த கோளாறுக்குள் ஒரு வேலையைக் கண்டது அந்தக் குழு. மூடி பற்றிய சிந்தனையே அதன்பின் மாறியது என்று நினைக்கிறேன். டிரான்சிஸ்டர் ஒளியைப் பார்ப்பதால் வரும் கேடு ஒரு பங்கு, பார்த்ததை மறக்காமல் இருப்பதால் வரும் கேடு பல பங்கு.

அப்படியானால் எலெக்ட்ரானைப் பிடித்து வைப்பது எது? 2005-இல் கேம்பிரிட்ஜிலிருந்து பதில் வந்தது, வேறொரு கேள்விக்கான பதிலாக. கரிமப் பொருள்களில் துளை மட்டும்தான் ஓடும், எலெக்ட்ரான் ஓடாது, அது அவற்றின் பிறவிக் குணம் என்று அதுவரை பலரும் நம்பியிருந்தார்கள். லே-லே சுவா, பீட்டர் ஹோ, சிரிங்ஹவுஸ், ஃப்ரெண்ட் முதலியோர் அது பிறவிக் குணம் அல்ல என்று நிரூபித்தார்கள். பெரும்பாலோர் காப்புப் படலமாகப் பயன்படுத்திவந்தது சிலிக்கான் டை ஆக்ஸைடு, அதாவது ஒருவகைக் கண்ணாடி. அதன் மேற்பரப்பில் ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்ஸில் குழுக்கள் நிறைந்திருக்கும். எலெக்ட்ரானைப் பிடித்துவைத்தவை அவையே. ஹைட்ராக்ஸில் இல்லாத பாலிமரைக் காப்பாக வைத்ததும், ஊமை என்று நினைத்த பொருள்களிலெல்லாம் எலெக்ட்ரான் ஓடியது.

எலெக்ட்ரான் ஓடும் டிரான்சிஸ்டர் வேண்டும் என்பதற்காகச் செய்த வேலை அது. ஆனால் ஒளிப் பிரச்சினைக்கு அதைவிட நல்ல மருந்து கிடைத்ததில்லை. பொறி இல்லாத பரப்பில் ஒளியால் பிறந்த எலெக்ட்ரான் உட்கார இடமின்றித் துளையோடு சேர்ந்து அழிந்துவிடும். வெளிச்சம் படும்வரை கொஞ்சம் கூடுதல் மின்சாரம் ஓடும், வெளிச்சம் போனதும் பழைய நிலைக்குத் திரும்பும். ஜப்பானின் அசாஹி கிளாஸ் செய்த சைட்டாப் என்ற ஃப்ளூரின் பாலிமர், சாதாரணப் பாலிஸ்டைரீன், கண்ணாடிமேல் ஒற்றை மூலக்கூறு உயரத்துக்கு நிற்க வைக்கும் எண்ணெய்த்தன்மையுள்ள படலங்கள் என்று பல பொருள்கள் இந்த இடத்துக்கு வந்தன.

இதே காலத்தில் மூலக்கூறையே மாற்றும் வேலை ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தில் நடந்துகொண்டிருந்தது. பென்டசீன் அடர்ந்த நீல ஊதா நிறம். ஒரு பொருளுக்கு நிறம் இருந்தால் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு பகுதியை அது விழுங்குகிறது என்று பொருள். 1240-ஐ நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் அந்த ஒளித்துகளின் ஆற்றல் எலெக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறத்தாழ 1.8-லிருந்து 3.1 வரை. பென்டசீனின் ஆற்றல் இடைவெளி, அதாவது எலெக்ட்ரான் மேல் நிலைக்குத் தாவத் தேவையான ஆற்றல், 1.8-ஐ ஒட்டியது. சிவப்பு ஒளியே அதை எழுப்பிவிடப் போதும். அதோடு வெளிச்சமும் காற்றும் சேர்ந்தால் ஆக்ஸிஜன் அதன் நடு வளையத்தில் ஒட்டிக்கொண்டு மூலக்கூறையே சிதைக்கும். அது மின் கோளாறு அல்ல, மரணம். கெண்டகியின் ஜான் ஆந்தணி 2001-இல் பென்டசீனின் நடுவில் சிலிக்கான் கொண்ட பெரிய கிளைகளை மாட்டி அதைக் கரையக்கூடியதாகவும் கொஞ்சம் உறுதியானதாகவும் ஆக்கினார். நிறம் போகவில்லை.

ஹிரோஷிமாவில் கசுவோ தகிமியா வேறு வழி பிடித்தார். பென்சீன் வளையங்களை மட்டும் நீட்டாமல் நடுவில் கந்தகம் உள்ள வளையங்களைக் கோத்தார். 2006-இல் பி.டி.பி.டி. என்ற சட்டகத்தில் ஒரு மூலக்கூறு வந்தது, காற்றில் கெடாமல் நகர்திறன் 2 வரை. 2007-இல் யமமோட்டோவும் அவரும் டி.என்.டி.டி.யை வெளியிட்டார்கள், நகர்திறன் 2.9 வரை. அவர்கள் தேடியது காற்றைத் தாங்கும் உறுதியை. ஆக்ஸிஜன் எலெக்ட்ரானைப் பிடுங்க முடியாதபடி மூலக்கூறின் எலெக்ட்ரான்களை ஆழத்தில் வைக்க வேண்டும். அப்படி வைத்ததில் ஆற்றல் இடைவெளியும் 3-ஐ ஒட்டி விரிந்தது. டி.என்.டி.டி. மஞ்சள் தூள், நீல ஒளியின் ஓரத்தை மட்டும் விழுங்கும். அதே 2007-இல் வந்த சி8-பி.டி.பி.டி. இன்னும் ஒரு படி மேல். அது புற ஊதாக் கதிரைத்தான் விழுங்கும், மெல்லிய படலமாக்கினால் கண்ணுக்கே தெரியாது. சிவப்பு, பச்சை, நீலம் எதுவும் அதற்குள் ஒரு ஜோடியைப் பிறப்பிக்காது.

பிற்பாடு சி8-பி.டி.பி.டி.யைப் பாலிஸ்டைரீனோடு கலந்து பூசிப் பார்த்தார்கள். காயும்போது இரண்டும் தாமாகவே பிரிந்து, பாலிஸ்டைரீன் அடியில் காப்புப் படலத்தோடு ஒட்டிக்கொண்டது, குறைக்கடத்தி மேலே படிகமாக விரிந்தது. ஹைட்ராக்ஸில் பொறிகள் அடியில் மூடப்பட்டன, மேலே இருப்பது கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பார்க்காத மூலக்கூறு. இரண்டு வழிகளும் ஒரே பூச்சில் சேர்ந்த அந்த இடத்தைத்தான் இந்தப் பொருள் முழுமையாகப் பிறந்த இடமாக நான் கருதுகிறேன்.

டி.என்.டி.டி. ஸ்டுட்கார்ட்டில் ஹாகன் கிளாக்கின் ஆய்வகத்தில் ஐந்து யூரோ நோட்டின்மேலேயே டிரான்சிஸ்டரானது. 2013-இல் டோக்கியோவின் தகாவோ சோமேயா குழு, ஒரு மைக்ரோமீட்டரைச் சற்றே தாண்டும் தடிமனுள்ள பிளாஸ்டிக் படலத்தின்மேல் செய்த, சதுர மீட்டருக்கு மூன்று கிராம் எடையுள்ள மின்சுற்றிலும் அது இருந்தது. தோலில் ஒட்டி வெளியே நடமாடப்போகும் பொருளுக்கு இருட்டுப் பெட்டி கிடையாது.

வெளிச்சத்தைப் பார்க்காத மூலக்கூறுக்கு விலையும் உண்டு. எலெக்ட்ரான்கள் ஆழத்தில் இருந்தால் தங்க மின்வாயிலிருந்து துளைகளை உள்ளே செலுத்துவது கடினமாகும். தொடுமிடத்திலேயே தடை ஏறும். அகன்ற இடைவெளி எல்லாப் பொருளுக்கும் பொருந்துவதும் இல்லை. இன்றைய வேகமான பாலிமர்கள் பலவற்றின் முதுகெலும்பு டைகீட்டோபைரோலோபைரோல் என்ற சாயக் குடும்பம். ஃபெராரி கார்களின் சிவப்பு அந்தக் குடும்பத்திலிருந்து வந்தது. வெயிலில் வெளுக்காது என்பதற்காகவே பெயின்ட் துறை அதைத் தேர்ந்தது. ஆனால் வெளுக்காமல் இருப்பது வேறு, மின்சாரத்தில் சலனம் இல்லாமல் இருப்பது வேறு. அந்தப் பாலிமர்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தாண்டி அகச்சிவப்பின் தொடக்கம் வரை விழுங்குகின்றன. அவற்றைக் குருடாக்க முடியாது. பொறிகளை ஒழித்து மறக்கப் பழக்குவது ஒன்றே வழி.

வெளிச்சம் எப்போதும் எதிரி என்று எண்ணுவதும் சரியல்ல. நீண்ட நேரம் இயக்கிய பாலிமர் டிரான்சிஸ்டரில் துளைகள் சிக்கிக்கொண்டு அது சோர்ந்துபோகும். 2003-இல் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் சாலியோவும் ஸ்ட்ரீட்டும், அந்தப் பாலிமர் விழுங்கக்கூடிய ஒளியை அதன்மேல் பாய்ச்சினால் சிக்கிய துளைகள் கரைந்து டிரான்சிஸ்டர் பழைய நிலைக்கு மீள்வதைக் கண்டார்கள். சிக்கவைக்கும் ஒளியே சிக்கலை அவிழ்க்கவும் செய்கிறது. எந்தப் பொறியில் எந்த மின்னேற்றம் மாட்டியிருக்கிறது என்பதுதான் முக்கியம்.

2013-இல் பிளாஸ்டிக் லாஜிக்கும் பிரான்சின் ஐசார்க் நிறுவனமும் சேர்ந்து பிளாஸ்டிக் தாள்மேல் கரிமப் பட உணரி ஒன்றைக் காட்டின. நான்கு சென்டிமீட்டர் சதுரம், ஏறத்தாழ 9,000 புள்ளிகள். மேல் அடுக்கில் ஒளியை மின்சாரமாக்கும் கரிம டயோடுகள். அவற்றுக்கு நேர் கீழே, அந்த மின்சாரத்தைப் புள்ளி புள்ளியாகப் படித்துச் சொல்லும் கரிம டிரான்சிஸ்டர்கள். ஒரே தாளில், சில மைக்ரோமீட்டர் இடைவெளியில், ஒரு கரிமப் படலம் விழும் வெளிச்சத்தைத் தவறவிடாமல் பிடிக்க வேண்டும், அதன் அடியில் இருக்கும் இன்னொன்று அதே வெளிச்சத்தில் அசையாமல் நிற்க வேண்டும்.